கானாற்றின் நலத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஒடுகத்தூருக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. சவ்வாது மலையிலிருந்து இறங்கி அவர்கள் ஊரை ஒட்டி ஓடி உத்திரகாவேரியில் கலக்கும் கானாற்றில் டிடிஎஸ் மீட்டரை (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவி) விட்டுப் பார்த்தபோது லிட்டருக்கு 340 மில்லிகிராம் என்று காட்டியதாம். வீட்டு போர்வெல் தண்ணீரைவிட இது எவ்வளவோ குறைவு, ஆகவே ஓடை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். முன்போல மீனே இல்லை, ஓடை செத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி, பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் இதை முறையாக மதிப்பிட முடியுமா என்பது கேள்வி.

முடியும். வேலூர் வட்டாரத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுடன் இந்த மலையடி ஓடைகளில் இறங்கியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். இரண்டு சாராரும் தாங்கள் கண்டதைக் கொண்டு சொல்லக்கூடியதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள் என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். ஒரு கானாற்றின் நலம் ஒரு நாள் எடுத்த ஓர் எண்ணில் இல்லை. அதே ஓடை மேலே காட்டுக்குள் எப்படி இருக்கிறது, கீழே ஊரைத் தாண்டிய பிறகு எப்படி இருக்கிறது, இரண்டையும் ஒரே பருவத்தில் ஒப்பிட்டால் என்ன மாறியிருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் மதிப்பீடு.

டிடிஎஸ் மீட்டரிலிருந்து தொடங்குவோம். ஆர்.ஓ. விற்க வருகிறவர்களின் புண்ணியத்தால் இன்று இந்தக் கருவி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது உண்மையில் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே; அதை ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்துள்ள உப்பின் அளவாகக் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருப்பதால், 340 என்ற எண்ணைக் கண்டு மனம் நிறைவது இயல்பு. ஆனால் வயலில் தெளித்த பூச்சிமருந்து கலந்திருந்தாலும் அந்த எண் அசையாது. கோழிக் கழிவு அழுகி ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துபோயிருந்தாலும் அது பெரிதாக ஏறிவிடாது. அதற்காக மீட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காட்டெல்லையில் 120 காட்டும் தண்ணீர் ஊருக்குக் கீழே 340 காட்டினால், நடுவில் ஏதோ சேர்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. தனித்து நிற்கும் 340 எதையும் சொல்வதில்லை. 120-க்குப் பிறகு வரும் 340 நிறையச் சொல்கிறது.

ஆக்சிஜனுக்கும் இதே கதைதான். முப்பது டிகிரி வெப்பமுள்ள தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். இருபது டிகிரியில் 9 வரை கரையும். ஆகவே சித்திரை வெயிலில் 6.5 கிடைத்தால் அது ஓடையின் குற்றமன்று. அதைவிட முக்கியமானது நேரம். பாசி மண்டிய மடுவில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால், பாசி வெயிலில் உண்டாக்கிய ஆக்சிஜனால் எண் அபாரமாக இருக்கும். அதே பாசி இரவெல்லாம் சுவாசித்துத் தீர்த்தபின் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அளந்தால் மீன் மூச்சுத் திணறும் அளவு கிடைக்கும். அலுவலக நேரத்தில் எடுக்கப்படும் மாதிரிகள் இந்த விடியற்காலையை ஒருபோதும் காண்பதில்லை. பள்ளி ஆய்வகத்தில், நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கான மருந்துகள் இருந்தால் விடிவதற்கு முன் ஒரு பாட்டிலும் நண்பகலில் ஒரு பாட்டிலும் எடுங்கள். மாங்கனஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டவுடன் பாட்டிலுக்குள் பழுப்பாகத் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. அளந்து பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளின் கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

இந்த எண்கள் அனைத்தும் அந்தக் கணத்தின் நிலவரம் மட்டுமே. நேற்றிரவு யாரோ ஒரு டேங்கர் கழிவை ஓடையில் திறந்துவிட்டிருந்தால், இன்று நண்பகலுக்குள் அந்தத் தண்ணீர் பல கிலோமீட்டர் கீழே போயிருக்கும். உங்கள் பாட்டிலில் அதன் தடயம் இருக்காது. ஆனால் ஓடையின் கல்லுக்கடியில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வாழ்ந்துவந்த பூச்சிகள் அந்த இரவைத் தாண்டியிருக்க மாட்டா. அவை போய்விட்டனவா, இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை. 1900-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் எந்த உயிரி எந்த அளவு அழுக்கைத் தாங்கும் என்று பட்டியலிடத் தொடங்கினார்கள். பின்னர் பிரிட்டனில் பி.எம்.டபிள்யூ.பி. என்ற மதிப்பெண் முறை உருவாகி, அதைத் தழுவிய ஒன்றை நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு தடங்கல் உண்டு. அந்த முறைகள் ஆண்டு முழுவதும் ஓடும் குளிர்ந்த ஆறுகளில் பிறந்தவை. நம்முடையது கானாறு. தென்மேற்குப் பருவத்தில் மலையில் நல்ல மழை பெய்தால் ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் வரும். வடகிழக்கு மழையில் கரை புரளும். மாசிக்குப் பிறகு இழையாகும். சித்திரையில் மடுக்களில் மட்டும் தேங்கி நிற்கும் அல்லது முற்றிலும் மணலாகும். வறண்டு போவது இவ்வகை ஓடையின் நோயன்று, இயல்பு. எந்த மாதத்தில் எந்த அளவுக்கு வறள்வது இயல்பு, எதற்கு மேல் போனால் நோய் என்று பிரித்தறிவதுதான் கடினம். அதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஆகவே அவர்களுடைய 'முன்போல' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாமல், முன்பு எந்த மாதம் வரை ஓடியது, எந்த மடுவில் கோடையிலும் மாடு நீந்தியது என்று கேட்டு, பெயர், வயது, இடத்துடன் எழுதிவையுங்கள்.

பருவத்தை மதிக்காமல் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஐப்பசியில் கனமழை ஓய்ந்த மூன்றாம் நாள், கல்லூரித் தேதி குறித்தாகிவிட்டதே என்று மாணவர்களை அமிர்திப் பக்கம் ஓர் ஓடைக்கு அழைத்துப் போனேன். அரைமணி நேரம் வலைபிடித்தும் தட்டில் மணலும் நான்கைந்து புழுக்களும்தான். மேலே ஏதோ நஞ்சு கலந்துவிட்டது என்று அங்கேயே ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றிவிட்டேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டு, "சார், வெள்ளம் எல்லாத்தியும் வாரிக்கினு போச்சு. பொங்கலு கழிச்சி வந்து பாருங்க" என்றார். தை பிறந்து சென்றபோது அதே கற்களில் உயிர்கள் நிறைந்திருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று நான்கு வாரமாவது விட்டு, நீர் தெளிந்து, ஓட்டம் நிலைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும் என்ற பாடம் நூல்களில் இருப்பதுதான். எனக்கு அது அன்றுதான் உறைத்தது. நம் வட்டாரத்துக்குத் தையும் மாசியின் முற்பாதியும் மிக ஏற்ற காலம்.

இனி இடத் தேர்வு. மூன்று இடங்கள் போதும்: காட்டெல்லைக்கு உள்ளே அல்லது அதை ஒட்டி ஒன்று, வயல்கள் முடிந்து ஊர் தொடங்கும் முன் ஒன்று, ஊரைத் தாண்டிச் சற்றுக் கீழே ஒன்று. காட்டுக்குள் போவதற்கு வனத்துறையிடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். மேலே கல்லில் சலசலத்து ஓடும் இடத்தையும் கீழே சேறு படிந்த மடுவையும் ஒப்பிட்டால், மாசினால் வந்த வேறுபாட்டையா, இடத்தினால் வந்த வேறுபாட்டையா அளந்தோம் என்று யாருக்கும் தெரியாது. மூன்று இடத்திலும் கல்லும் ஓட்டமும் உள்ள ஒரு துண்டையே எடுங்கள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் நின்று நூறு மீட்டர் நீளத்தைப் பாருங்கள். நீர்மருதும் புங்கமும் நாவலும் கவிந்து நிழல் விழுகிறதா, அல்லது கரை முழுவதும் சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்குமா? நிழல் போன ஓடையில் தண்ணீரின் வெப்பம் ஏறும், ஆக்சிஜன் குறையும், இழைப்பாசி நீளும். உதிரும் இலைகளையே உணவாகக் கொண்ட உயிர்கள் முதலில் மறையும். கரை சரிந்து வேர் தொங்குகிறதா, ஜேசிபி இறங்கிய தடம் உண்டா, வாழைத்தோப்பு ஓடையின் விளிம்பு வரை வந்துவிட்டதா என்பதையும் குறியுங்கள். பிறகு ஓட்டத்தில் கிடக்கும் கல் ஒன்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். எளிதாகப் பெயர்ந்து, அடியில் இடுக்கும் இருட்டுமாக இருந்தால் நல்லது. பாதிக்கு மேல் மண்ணில் புதைந்து, பிடுங்கினால் குழி விழுந்து கலங்கல் எழுமானால், மேலே எங்கோ மண் அரிக்கப்பட்டோ மணல் அள்ளப்பட்டோ வருகிறது என்று பொருள். பூச்சிக்கு வீடு அந்த இடுக்குதான். தண்ணீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் இடுக்கு அடைந்துபோனால் குடியிருக்க இடமில்லை. வேதியியல் சோதனைகள் அனைத்திலும் தேறி இந்த ஒன்றில் தோற்கும் ஓடைகள் நம் பக்கம் ஏராளம் என்பது என் கணிப்பு.

ஓட்டத்தை அளக்க எலுமிச்சம்பழம் போதும். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளிச்செல்லாது. பத்து மீட்டர் நீளத்தை அது கடக்க 25 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அகலம் 3 மீட்டர், பல இடங்களில் அளந்த ஆழத்தின் சராசரி 0.2 மீட்டர் என்றால், மூன்றையும் பெருக்கி, அடியிலும் ஓரத்திலும் நீர் மெதுவாக நகர்வதை ஈடுகட்ட 0.85-ஆலும் பெருக்குங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர். மாதம் ஒருமுறை இதை எழுதிவந்தால் மூன்று ஆண்டில் உங்கள் கானாற்றைப் பற்றி எந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு பதிவு உங்களிடம் இருக்கும்.

இப்போது வலை. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள துணியை இரும்பு வளையத்தில் தைத்துக் கம்பு செருகினால் போதும்; கொசுவலையின் கண் பெரிதாக இருப்பதால் சிறிய உயிர்கள் தப்பிவிடும். வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் தரையில் ஊன்றி, அதற்கு முன்னால் நின்று காலால் கற்களைக் கிளறுங்கள். கிளம்பும் உயிர்களை நீரே வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். ஒவ்வோர் இடத்திலும் இதே மூன்று நிமிடம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பிறகு ஐந்தாறு கற்களைக் கையிலெடுத்துப் புரட்டி ஒட்டியிருப்பவற்றைத் தூரிகையால் தட்டில் தள்ளுங்கள். தட்டு வெள்ளை நிறமாக, இரண்டு விரற்கடை தண்ணீருடன் இருக்கட்டும்.

முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியாது. சருகும் மணலும் அடங்கிய பிறகு சருகில் ஒரு துணுக்கு நகரும். கிட்டே பாருங்கள்: அரிசி நீளம்கூட இல்லாத உடல், பின்னால் மூன்று மெல்லிய வால், வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் அலை அலையாகத் துடித்துக்கொண்டிருக்கும். இது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம். சிறகு முளைத்து வெளியேறினால் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வாழும், அதற்கு முந்தைய வாழ்நாள் முழுவதும் இந்தக் கல்லடியில்தான். இரண்டே வால், கால்கள் உடலோடு சேரும் இடத்தில் குஞ்சம்போன்ற செவுள், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் என்றிருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளையிலும் சிலவற்றுக்கு இரண்டு வால் உண்டு என்பதால் வாலை மட்டும் நம்பாமல் செவுள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோன்ஃப்ளை குளிர்ந்த நீரை விரும்புவது. இமயத்து ஓடைகளில் வகைவகையாகக் கிடைக்கும் அது தென்னாட்டில் மிகச் சில வகைகளே. ஆகவே அது கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம், கிடைத்தால் மகிழ்ச்சியடையலாம். கல்லில் பொடி மணலை ஒட்டிக் கட்டிய சிறு கூடும், அதனருகே சிலந்தி வலைபோல நீரில் விரித்த நுண்ணிய வலையும் தென்பட்டால் அது கேடிஸ்ஃப்ளைப் புழுவின் கைவேலை. இந்த மூன்று குழுக்களும் பொதுவாக அழுக்கைத் தாங்காதவை. எந்த நாட்டுக்குப் போனாலும் ஓடை ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

தட்டானின் இளம்பருவம் கொழுத்த உடலும் முகத்துக்கடியில் மடித்துவைத்த தாடையுமாக இருக்கும். நீர்ப்பரப்பில் சறுக்கித் திரியும் பூச்சிகள் காற்றையே சுவாசிப்பதால் தண்ணீரின் ஆக்சிஜனைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. நத்தையும் அட்டையும் கூடுவது உணவு மிகுந்து ஓட்டம் தளர்ந்ததன் அடையாளம். இரத்தச் சிவப்பில் நெளியும் கைரோனோமிட் புழுக்களைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு. தூய ஓடையிலும் இக்குடும்பத்துப் புழுக்கள் இருக்கும். அவை இருப்பது நோயன்று. வேறெதுவும் இல்லாமல் அவை மட்டும் இருப்பதுதான் நோய்.

மதிப்பெண் இடுவது எளிது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண் உண்டு. ஒரு குடும்பத்தில் ஓர் உயிர் கிடைத்தாலும் நூறு கிடைத்தாலும் அதே எண்தான். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு, பிரிட்டனின் மூலப் பட்டியலின்படி: காட்டெல்லையில் தட்டையான மேஃப்ளைக் குடும்பம் 10, கிளைத்த செவுளுள்ள மேஃப்ளைக் குடும்பம் 10, ஸ்டோன்ஃப்ளை 10, தட்டானில் இரண்டு குடும்பங்கள் எட்டெட்டு, வலை பின்னும் கேடிஸ்ஃப்ளை 5, நீர்ப்பரப்புப் பூச்சி 5, நீந்தும் மேஃப்ளையான பேட்டிட் 4, கைரோனோமிட் 2. ஒன்பது குடும்பங்கள், கூட்டுத்தொகை 62, சராசரி 6.9. ஊருக்குக் கீழே ஊசித்தட்டான் 6, நீர்ப்பரப்புப் பூச்சி 5, பேட்டிட் 4, நத்தை 3, அட்டை 3, கைரோனோமிட் 2, மண்புழுவின் இனத்தைச் சேர்ந்த நீர்ப்புழு 1. ஏழு குடும்பங்கள், கூட்டுத்தொகை 24, சராசரி 3.4.

மத்திய வாரியத்தின் வகைப்பாட்டில் 7-க்கு மேல் தூய்மை, 6 முதல் 7 வரை சிறிதளவு மாசு, 3 முதல் 6 வரை மிதமான மாசு. அப்படியானால் மனித நடமாட்டமே இல்லாத காட்டெல்லையும் 'சிறிதளவு மாசு' என்றல்லவா ஆகிறது? ஆகிறது, அது ஓடையின் குறையன்று. குளிர்நாட்டுப் பூச்சிகளுக்குத் தாராளமாக எண் தந்த பட்டியலை வெப்பமான பருவகால ஓடையின்மேல் வைத்ததால் வந்த இழுபறி. அதனால்தான் வகைப்பாட்டுச் சொல்லைவிட, உங்கள் ஓடையின் மேற்பகுதியையே உரைகல்லாக வைத்து, 6.9 எப்படி 3.4 ஆயிற்று என்ற வீழ்ச்சியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பூச்சிகளின் பெயரே தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யக்கூடிய இன்னொரு கணக்கு உண்டு. வாரியத்தின் முறையில் இதற்கும் இடமிருக்கிறது. தட்டிலிருந்து உயிர்களைத் தேர்ந்து பொறுக்காமல், கைக்கு வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, முன்னதைப்போல இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். வேறாக இருந்தால் ஒரு புதிய தொடர். நூறு உயிர்களில் அறுபது தொடர் வந்தால் 0.6, நூறும் சிவப்புப் புழுவாக இருந்து ஒரே தொடராகப் போனால் 0.01. எண்ணி முடித்தவுடன் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

மீனுக்கு வருவோம், ஏனெனில் பெரியவர்களின் வழக்கு அதைப் பற்றியது. மீன் இல்லாததற்கு மாசு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கானாற்றில் வேறொரு காரணத்தையும் முதலில் விலக்கியாக வேண்டும். கோடையில் ஓடை வறளும்போது மீன்கள் கீழேயுள்ள மடுக்களிலும் ஏரிகளிலும் ஒதுங்கி, புதுத்தண்ணீர் வந்தவுடன் எதிரேறி வரும். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தடுப்பணை எழுந்துவிட்டால் கீழே இருப்பவை மேலே வர வழியில்லை. மேலேயிருந்த மடு ஒரே ஒரு கோடையில் வற்றினாலும் அதற்கு மேல் மீனே இல்லாமல் போகும், தண்ணீர் பளிங்காக இருந்தாலும். மறுபக்கம், மீன் இருப்பதாலேயே ஓடை நலமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. விரால், குரவை, தேளி ஆகியவை மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். அழுகிய குட்டையிலும் அவை இருக்கும். ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும். மணலில் புதையும் அயிரையும், கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் சிறு மீனும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவற்றின் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

தடுப்பணையைப் பற்றிச் சொன்னதால் ஒரு விளக்கம். நம் மாவட்டத்தில் நாகநதியின் படுகையில் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் மழைநீர் செறிவூட்டும் கிணறுகளை வெட்டியதும், கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதும் பலருக்கும் தெரியும். அது போற்றத்தக்க வேலை. ஆனால் நிலத்தடி நீர் ஏறியதும் ஓடையின் உயிர் மீண்டதும் ஒன்றல்ல. முதலாவதைக் கிணற்றுக் கயிற்றாலும் இரண்டாவதைக் கல்லடியிலும்தான் அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே அறிக்கையில் குழப்பாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் மதிப்பீட்டை நிறுத்திவிடவும் வேண்டாம். வறண்ட படுகையில் எத்தனை மடு எஞ்சியிருக்கிறது, ஊற்றுத் தோண்டினால் எத்தனை அடியில் ஈரம் தட்டுகிறது என்பவை அடுத்த மழைக்கு எத்தனை உயிர்கள் மிச்சமிருக்கும் என்பதைச் சொல்லும். ஈர மணலுக்குள் இறங்கிப் பிழைக்கும் உயிர்களும், முட்டையாகக் காத்திருப்பவையும் உண்டு. அந்த மணலையே அள்ளிக்கொண்டு போய்விட்டால் அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை.

உங்கள் ஊர் மலையடியில் இருப்பதால் தோல் கழிவு உங்களுக்கு நேரடிக் கவலையன்று. இருந்தாலும் பாலாற்றங்கரையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. அத்தகைய இடங்களில் டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே பேசும். பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு அதில் தெரியும். ஆனால் பதனிடப் பயன்படும் குரோமியம் சாதாரண நீரில் கரைந்து நிற்காமல் சேற்றோடு ஒட்டிப் படிந்துவிடும். தண்ணீர் பாட்டிலை மட்டும் சோதனைக்கு அனுப்பி, குரோமியம் இல்லை என்று வரும் தாளை நம்பக் கூடாது. அடிச்சேற்றையும் அனுப்ப வேண்டும். அதை வெறும் கையால் தொட வேண்டாம்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. மேஃப்ளை நிறைந்த காட்டோடையிலும் மாட்டுச் சாணத்தின் வழியே கிருமிகள் இருக்கும். காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

பிள்ளைகளை இறக்குவதற்கு முன் மலைமேல் மேகம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே கானாற்றில் வெள்ளம் வந்துவிடும். செருப்பில்லாமல் இறங்க விடாதீர்கள், உடைந்த பாட்டில்கள் எல்லா ஓடையிலும் கிடக்கின்றன. காலில் புண் உள்ள பிள்ளை கரையில் உட்கார்ந்து கணக்கெழுதட்டும். எலிக்காய்ச்சல் அந்த வழியாக நுழையும்.

மூன்று இடத்து எண்களும் கிடைத்த பிறகு, இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் வீழ்ச்சி இருப்பதாகக் கொள்வோம். அந்த நீளத்தின் நடுப்புள்ளியில் ஒரு மாதிரி எடுங்கள். அங்கே உயிர்கள் இருந்தால் கேடு அதற்குக் கீழே, இல்லாவிட்டால் மேலே. மீதிப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஒரு கிலோமீட்டர் நீளமானால் நான்கைந்து மாதிரிக்குள், ஒரு கூப்பிடு தொலைவுக்கும் குறைவான துண்டில் வந்து நிற்பீர்கள். அங்கே ஒரு குழாயோ, கோழிப்பண்ணையின் வடிகாலோ, வண்டி கழுவும் துறையோ கண்ணுக்கே தெரியும். அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு பாட்டிலும் சற்றுக் கீழே ஒரு பாட்டிலும் நிரப்பி, தேதியும் நேரமும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவில் அந்த இரண்டு பாட்டில்களின் முடிவோடு, மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் கிடைத்த உயிர்களின் பட்டியலையும் இணைத்துவிடுங்கள்.